பரிமாறும் சொல்லில் ஊரின் பெயரும் இடம்பெற வேண்டும்

சென்னையில் வரிசை விருந்து படைக்கும் சமையற்கலைஞர்களுக்குத் திருப்பாச்சூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமையற்கலைஞர்களே, உணவகப் பொறுப்பாளர்களே,

உண்பவர் எதையும் தேர்ந்தெடுக்காமல், சமைப்பவர் வகுத்த ஒழுங்கில் ஏழோ ஒன்பதோ பதின்மூன்றோ சிற்றுணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துசேரும் முறைக்கு உங்கள் தொழிலில் டேஸ்டிங் மெனு என்று பெயர். இம்மடல் அதனை வரிசை விருந்து என்று குறிக்கிறது. தமிழ்நாட்டு ஊர்ப்புறச் சமையலை அடித்தளமாகக் கொண்டு, அயல்நாட்டு உத்திகளை அதனுடன் இணைத்து, அத்தகைய விருந்தைச் சென்னையில் படைப்பவர்கள் நீங்கள். உங்கள் நகரத்துக்கு நீரும் அரிசியும் மீனும் உழைப்பும் அனுப்பும் திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணி செல்லும் சாலையை ஒட்டி, வாசீசுவரர் கோயிலால் அறியப்படும் திருப்பாச்சூரிலிருந்து இம்மடல் எழுதப்படுகிறது. இதன் வேண்டுகோள் ஒன்றே: உங்கள் விருந்தில் ஒவ்வொரு தட்டுடனும் சொல்லப்படும் விளக்கத்தில், அந்த உணவு பிறந்த ஊரும் அதற்கு உழைத்த கைகளும் பெயரோடு இடம்பெற வேண்டும், அந்தப் பெயருக்கு உரிய விலையும் அவர்களைச் சென்றடைய வேண்டும்.

உங்கள் கலையின் பெருமையை அறியாமல் இவ்வேண்டுகோள் எழவில்லை. டெல்லியில் 2009-இல் தொடங்கிய இந்தியன் ஆக்சென்ட் உணவகத்தில் மணீஷ் மெஹ்ரோத்ரா இந்திய உணவைப் புதுவடிவில் படைத்ததும், 2010-இல் பாங்காக்கில் உணவகம் திறந்த ககன் ஆனந்த் 2015 முதல் 2018 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஆசியாவின் முதல் உணவகம் என்ற இடத்தைப் பெற்றதும், 2016-இல் மும்பையில் மாஸ்க் உணவகம் உழவர்களை நேரடியாக நாடிப் பொருள் வாங்கும் முறையை முன்னெடுத்ததும் இக்கலை வளர்ந்த வரலாற்றின் படிகள். சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017-இல் தொடங்கிய அவர்தனா, தென்னிந்தியச் சமையலை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு வரிசை விருந்து வகுத்து, 2023-இல் ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 30-ஆம் இடத்தைப் பெற்றது. பின்னர் கொழும்பிலும் கிளை தொடங்கியது. தக்காளி ரசத்தைத் தெளிநீராக வடித்துப் பரிமாறுவதும், சோம்பு மணக்கும் இனிப்பை முட்டை வடிவில் கூட்டில் வைத்துத் தருவதும் அங்கு வந்தவர்களின் நினைவில் நிலைத்துவிட்டன. துபாயின் ட்ரெசிண்ட் ஸ்டுடியோ 2025-இல் மிஷெலின் வழிகாட்டியின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றபோது, இந்திய உணவகம் ஒன்று அந்த உச்சத்தை முதன்முறையாக எட்டியது. வீட்டுச் சமையல் என்று ஒதுக்கப்பட்டிருந்த சுவைகளை உலகம் கவனிக்கும் மேடைக்கு ஏற்றியவர்கள் உங்கள் தலைமுறையினர். அதற்குரிய நன்றி உங்களுக்கு உண்டு.

ஃப்யூஷன் எனப்படும் கலப்புச் சமையலையும் இம்மடல் குறை கூறவில்லை. ரசத்தில் கரையும் தக்காளியும், குழம்பில் காரம் தரும் மிளகாயும், திருவள்ளூர் மாவட்டத்து மேட்டு நிலங்களில் விளையும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. இம்மாவட்டத்தின் பழவேற்காட்டில் டச்சு வணிகர்கள் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைகொண்டு, 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, இங்கு நெய்த துணிகளைத் தென்கிழக்காசியாவுக்கு ஏற்றி, அங்கிருந்து கிராம்பு, சாதிக்காய் போன்ற வாசனைப் பொருள்களைப் பெற்ற வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. வந்தது எதையும் தனதாக்கிக்கொள்வது தமிழ்ச் சமையலின் இயல்பு. ஆகவே கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டையும் கால்சியம் உப்பையும் கொண்டு மோரை மெல்லிய தோல் போர்த்திய உருண்டையாக்கும் உத்தியும் நாளை இம்மண்ணின் வழக்கமாகிவிடலாம். இம்மடலின் மனக்குறை, இக்கலப்பில் ஒரு தரப்பின் பெயர் மட்டும் தொடர்ந்து விடுபடுகிறது என்பதே.

இந்த மனக்குறையை ஏனைய உணவகங்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. சாலையோர மெஸ்ஸில் உண்பவர் தாம் விரும்பியதைக் கேட்டு வாங்குகிறார். அங்கே உணவைப் பற்றி எவரும் விளக்கம் தருவதில்லை, தரவேண்டிய தேவையும் இல்லை. வாழையிலை விருந்தில் எல்லாம் ஒருசேரக் கண்முன் இருப்பதால், எதை முதலில் தொடுவது, எதை ஒதுக்குவது என்பது உண்பவர் கையில் இருக்கிறது. வரிசை விருந்திலோ உண்பவர் தம் தேர்வுரிமை முழுவதையும் உங்களிடம் ஒப்படைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நீங்கள் தருவதை நீங்கள் தரும் ஒழுங்கிலேயே ஏற்கிறார். அந்த ஒப்படைப்புக்கு ஈடாக நீங்கள் அவருக்கு விளக்கம் தருகிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தட்டை வைக்கும் பரிமாறுபவர், அது என்ன, எவ்வாறு செய்யப்பட்டது, எந்த நினைவிலிருந்து பிறந்தது என்று ஓரிரு நிமிடம் எடுத்துரைக்கிறார். தட்டோடு சொல்லும் சேர்ந்து பரிமாறப்படுவதும், உண்பவர் அச்சொல்லைக் காதுகொடுத்துக் கேட்பதும் உணவுத்தொழிலில் உங்களிடம் மட்டுமே நிகழ்கின்றன. கேட்கக் காத்திருக்கும் செவி வாய்த்தவர்களுக்கு, எதைச் சொல்கிறோம் என்பதில் பொறுப்பும் வாய்த்திருக்கிறது.

அச்சொல்லில் இப்போது பெரும்பாலும் எவை இடம்பெறுகின்றன என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். எத்தனை மணி நேரம் வேகவைக்கப்பட்டது, எந்தக் கருவியில் வடிக்கப்பட்டது, எந்த நாட்டு உத்தி கையாளப்பட்டது என்பவை சொல்லப்படுகின்றன. பாற்கட்டி இத்தாலியின் எந்த வட்டாரத்தைச் சேர்ந்தது, காளான் பிரான்சின் எந்தக் காட்டில் கிடைத்தது என்று வெளிநாட்டுப் பொருளுக்கு ஊர்ப் பெயர் தவறாமல் வருகிறது. அதே தட்டில் உள்ள இறால் வெறும் இறாலாகவும், அரிசி வெறும் அரிசியாகவும், கீரை வெறும் கீரையாகவும் நின்றுவிடுகின்றன. உள்ளூர்ச் சமையல்முறை ‘கிராமத்து நினைவு’ என்றோ ‘பாட்டியின் கைமணம்’ என்றோ பொதுப்படக் கடந்துவிடுகிறது. எந்தக் கிராமம், யாருடைய பாட்டி என்ற கேள்விக்கு அங்கு விடையில்லை. ஊர் பெயரில்லாமல் போகும்போது அவ்வூரின் உழைப்புக்கு விலை கேட்கும் உரிமையும் உடன் மறைந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள இழப்பு.

அந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருப்பவற்றை இம்மாவட்டத்தைக் கொண்டே உங்கள்முன் வைக்கலாம். திருப்பாச்சூருக்கு அருகில் கொசத்தலையாற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும், அதன் நீரைப் பெறும் சோழவரம், புழல் ஏரிகளும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. சென்னையின் குடிநீர் பல தலைமுறைகளாக இவற்றை நம்பியிருக்கிறது. மாநகரத்தின் அரிசிச் சந்தைக்குப் பெயர்போன செங்குன்றமும் இம்மாவட்டத்ததே. நெல்லை அவித்துக் காயவைத்து அரைக்கும் ஆலைகள் அங்கு ஏராளம்; அவற்றிலும் செங்கற்சூளைகளிலும் முன்பணக் கடனுக்காகக் குடும்பத்தோடு சிக்கியிருந்த இருளர் மக்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள், கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், பலமுறை பதிவாகியுள்ளன. எல்லா ஆலைகளும் அத்தகையவை என்று கூறுவது அநீதி. ஆனால் தட்டில் வைக்கும் அரிசி எந்த ஆலையில் அவிக்கப்பட்டது, அங்கு வேலைசெய்பவர் விருப்பம்போல் வெளியேறிச் செல்ல உரிமை உள்ளவரா என்று விசாரிக்காமல் அதனைப் பாரம்பரிய அரிசி என்று புகழ்வதும் அநீதியே.

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் அந்த நீரில் இறாலும் சேற்று நண்டும் மடவையும் கிடைக்கின்றன. அங்கு மீனவர்களிடையே ‘பாடு’ என்றொரு முறை வழங்குகிறது. ஏரியின் மீன்வளம் மிக்க இடங்களில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கலால் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. எவரும் வளத்தை மொத்தமாக அள்ளிவிடாமலும் எவரும் வெறுங்கையோடு திரும்பாமலும் இருக்க மீனவர்களே வகுத்த இந்த ஒழுங்கை நீர்வள ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அதே ஏரியின் ஓரங்களில், அரசால் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளுள் ஒன்றாக வகைப்படுத்தப்பட்ட இருளர் பெண்கள், ‘பறி’ எனப்படும் பனையோலைப் பையை வாயால் கவ்வியபடி, இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலையின்றி, படகின்றி, விரல்நுனியின் அறிவால் மட்டுமே நடக்கும் இத்தொழிலில் சிப்பி கீறுவதும் கெளுத்தி முள் குத்துவதும் அன்றாடம். உங்கள் விருந்தின் நான்காவது சுற்றில் ஒற்றை இறாலாக வந்து நிற்பது இத்தகைய உழைப்பின் பயனாக இருக்குமானால், அதனைச் சொல்ல ஒரு வாக்கியம் செலவிடுவது மிகையாகுமா?

இந்நீர்நிலைகளும் நலமாக இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். பூண்டியைக் கடந்து ஓடும் கொசத்தலையாறு கடலைச் சேரும் எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலால் பல்லாண்டுகளாகத் தூர்ந்துவருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பரவியபோது மீனவர்களின் படகும் வலையும் வாழ்வும் ஒருசேரக் கறைபட்டன. நிலமும் தப்பவில்லை. கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையில் சிப்காட் தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலம், அதாவது ஊர்க் கால்நடைகள் மேய்வதற்கென்று விடப்பட்ட பொதுநிலம், எடுக்கப்பட்டபோது, அந்நிலத்தில் ஆடுமாடு மேய்த்தும் மூலிகையும் காட்டுப் பழமும் சேர்த்தும் வாழ்ந்த கிராமத்தார் எதிர்த்துப் போராடினர். அப்பூங்காவில் அமைந்த பெரிய ஆலை மிஷெலின் நிறுவனத்தின் டயர் ஆலை. 2012-இல் அப்போராட்டம் பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தையைக் கவனிக்கும் பிரான்சு நாட்டுத் தொடர்பு மையம் வரை முறையீடாகச் சென்றது. வண்டியோட்டிகளுக்காக 1900-இல் அந்நிறுவனம் வெளியிடத் தொடங்கிய வழிகாட்டிதான், 1926 முதல் உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கி, இன்று உலகச் சமையற்கலைஞர்கள் அனைவரும் எதிர்நோக்கும் அளவுகோலாக வளர்ந்தது. அவ்வழிகாட்டி இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை. அந்நிறுவனத்தின் ஆலை திருவள்ளூர் மாவட்டத்துக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நட்சத்திரம் ஒருநாள் சென்னைக்கு வருமானால், அதற்கு முன்பே தம் மேய்ச்சல் நிலத்தை இழந்துவிட்ட மக்களின் மாவட்டம் உங்கள் பட்டியலில் ஒருமுறையேனும் பெயர் பெற்றிருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமே.

இவ்வேண்டுகோளுக்கு நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளையும் இம்மடல் எண்ணிப்பார்க்கிறது. விருந்துக்கு வருபவர் மகிழ்ச்சியை நாடி வருகிறார், துயரக் கதை கேட்க அல்ல என்று நீங்கள் கூறலாம். உழைப்பவரைப் பெயரிடுவது துயரக் கதை ஆகாது; பாடு முறையின் நேர்த்தியும், கைவிரலால் இறாலை அறியும் திறமும், ஈசல் புறப்படும் நாளை மண்ணின் ஈரத்தைக் கொண்டே கணிக்கும் இருளரின் அறிவும் வியப்புக்குரிய செய்திகள், உங்கள் வடிகலத்தின் நுட்பத்தைக் காட்டிலும் வியப்புக்குரியவை. வரத்து நிலையற்றது, இன்று பழவேற்காட்டு இறால் கிடைத்தால் நாளை வேறிடத்து இறாலே கிடைக்கும் என்று கூறலாம். பருவத்துக்கும் சந்தைக்கும் ஏற்பப் பட்டியலை மாற்றுவதே வரிசை விருந்தின் தனிச்சிறப்பு என்று நீங்களே சொல்லிவருகிறீர்கள். மாறும் தட்டோடு ஊர்ப் பெயரும் மாறட்டும். இடைத்தரகரிடம் வாங்குவதால் மூலம் தெரிவதில்லை என்று கூறலாம். குங்குமப்பூவின் மூலத்தைக் காஷ்மீரின் பாம்போர் வரை தேடிச்செல்லும் உங்களுக்கு, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஏரி எட்டாதது அன்று. பட்டியலில் சொற்கள் மிகுந்தால் அழகு குறையும் என்றும் கூறலாம். ககன் ஆனந்த் 25 சுற்றுகளை வெறும் 25 படச்சின்னங்களால் அறிவித்து உலகப் புகழ் பெற்றார். பட்டியலில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்பது முழுக்கச் சமையற்கலைஞரின் முடிவே என்பதை அவரது துணிவு காட்டுகிறது. அந்தத் துணிவு ஊரின் பெயரை எழுதவும் போதுமானது.

இது இயலாத செயல் அன்று என்பதற்கு முன்னோடிகள் உண்டு. நத்தம் வட்டாரத்தைச் சேர்ந்த விஜய் குமார், வயல் நத்தையைத் தம் நியூயார்க் உணவகமான செம்மாவில் நத்தைப் பிரட்டலாக, அதே பெயரில், தம் ஊர் வயல்களின் கதையோடு பரிமாறினார். அவ்வுணவகம் 2022-இல் மிஷெலின் நட்சத்திரத்தைப் பெற்றது; அவர் 2025-இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். வேட்டி அணிந்து விருது மேடையேறிய அவர், ஏழை உணவு, பணக்கார உணவு என்ற பிரிவே கிடையாது என்ற கருத்தை அங்கு எடுத்துரைத்தார். மூலத்தைப் பெயரிட்டதால் அவரது உணவு மதிப்பிழக்கவில்லை. மதிப்புக்கே அது காரணமாயிற்று. கோபன்ஹேகனில் 2004-இல் 12 சமையற்கலைஞர்கள் ஒன்றுகூடி, தங்கள் மண்ணின் பருவத்தையும் விளைபொருளையும் அறநெறியையும் மதிப்பதாகப் பத்து அம்சங்கள் கொண்ட கூட்டறிக்கையில் கையெழுத்திட்டனர். நார்டிக் நாடுகளின் சமையலும் அதற்குப் பொருள் தந்த சிற்றூர்களும் உலக வரைபடத்தில் இடம்பெற அது வழிவகுத்தது. அறிவுக்குப் பங்கு தருவதிலும் நம் அண்டையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அகத்தியமலையின் காணி பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கிய திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம், 1990-களில் அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்கு அளிக்க முன்வந்தது. மூலிகை அறிவுக்குப் பங்கு உண்டென்றால், சமையல் அறிவுக்கு மட்டும் இல்லை என்பதற்கு நியாயம் ஏது?

ஆகவே நீங்கள் நான்கு செயல்களை மேற்கொள்ள வேண்டும் என்று இம்மடல் கேட்கிறது. முதலாவதாக, ஒவ்வொரு சுற்றிலும் முதன்மையான உள்ளூர்ப் பொருள் ஒன்றுக்கேனும் அது வந்த ஊரையும், அதனை விளைவித்த அல்லது பிடித்த தொழிலையும், பட்டியலிலும் பரிமாறுபவரின் விளக்கத்திலும் சேருங்கள். தனிமனிதர் பெயரை அவர் இசைந்தால் மட்டும் குறிப்பிடுங்கள். இரண்டாவதாக, மீனவர் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மகளிர் சுயஉதவிக் குழு ஆகியவற்றிடம் நேரடியாக வாங்கி, முன்கூட்டிப் பேசிய விலையைக் கடன் வைக்காமல் கொடுங்கள். அரிசி வாங்கும் ஆலையில் கொத்தடிமை உழைப்பு இல்லை என்ற உறுதியை எழுத்தில் பெறுங்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025–26-இல் அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். ஒருவரின் விருந்துக்குப் பல ஆயிரம் ரூபாய் பெறும் இடத்தில், கிலோவுக்குச் சில பத்து ரூபாய் கூடுதலாகத் தருவது உங்கள் கணக்கில் பெரிதாகத் தோன்றாது, அதனைப் பெறுபவரின் வீட்டில் தோன்றும். மூன்றாவதாக, ஒரு சமூகத்தின் சமையல்முறையைக் கற்று உங்கள் தட்டில் வைக்கும்போது, அத்தட்டின் வருவாயில் நிலையான ஒரு பங்கை அச்சமூகத்தின் பொது நிதிக்கு ஒதுக்குங்கள். நான்காவதாக, பருவத்துக்கு ஒருமுறை, உங்களுக்குப் பொருள் தந்தவர்களை அதே மேசையில் விருந்தினராக அமர்த்தி, அதே வரிசையில் அதே உணவைப் பரிமாறி, அவர்கள் கூறும் குறைநிறைகளைக் கேளுங்கள். தங்கள் இறால் என்னவாயிற்று என்று அறியும் உரிமை அதனைப் பிடித்தவருக்கு உண்டு, அவரது நாக்கின் தீர்ப்பு உங்கள் கலைக்கும் பயன் தரும்.

இவற்றைத் தனித்தனியே செய்தால் நல்லெண்ணமாக நின்றுவிடும். சேர்ந்து செய்தால் தொழில் வழக்கமாகும். எனவே சென்னையில் வரிசை விருந்து படைக்கும் நீங்கள் அனைவரும், உங்கள் அடுத்த பருவத்துப் பட்டியலை அச்சிடுவதற்கு முன், இந்நான்கையும் கூட்டறிக்கையாக எழுதிக் கையெழுத்திடுங்கள். அதனை விடுதியின் கூட்ட அரங்கில் எழுதாமல், பழவேற்காட்டின் மீனவரும் இருளர் பெண்களும் திருவள்ளூரின் உழவரும் உடனமர்ந்து திருத்தும் வகையில் இம்மாவட்டத்துக்கு வந்து எழுதுங்கள். நாளும் இடமும் நீங்கள் குறித்தால், திருப்பாச்சூர் உங்களை வரவேற்கும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
திருப்பாச்சூரிலிருந்து